ட்வைலைட்: வழக்கமாகத் தொடாத வகையில் ஒரு நாவல் படித்தபின்

செங்கோட்டையான்:

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு பழக்கம் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, நாம் ஒதுக்கி வைத்திருக்கும் வகையிலிருந்து ஒரு புத்தகத்தை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். மறுக்காமல் படிக்கவேண்டும். எனக்கு வந்தது ஸ்டெஃபனி மேயரின் ‘ட்வைலைட்’. நான் படிப்பது பெரும்பாலும் வரலாறு, வட்டார நாவல், இடையிடையே துப்பறியும் கதை. காதல் கதைகளை எடுப்பதில்லை. பேய், பிசாசு, ரத்தக்காட்டேரி எதுவும் என் அலமாரியில் கிடையாது.

முதல் பாகத்தை முடித்து, இரண்டாவதில் பாதி வந்துவிட்டேன். இதைப் பற்றி யாரிடமாவது உட்கார்ந்து பேசவேண்டும் போலிருக்கிறது. இணையத்தில் பார்த்தால் ஒன்று தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள், இல்லாவிட்டால் குப்பை என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். இரண்டிலும் எனக்குத் திருப்தி இல்லை.

படிக்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். நாவல் வந்தது 2005-ல். ஃபீனிக்ஸ் நகரத்து வெயிலில் அம்மாவோடு இருந்த 17 வயது பெல்லா, வாஷிங்டன் மாநிலத்தில் ஃபோர்க்ஸ் என்ற ஓயாத மழை ஊருக்கு அப்பா சார்லியிடம் வந்து சேர்கிறாள். அப்பா அந்த ஊர் போலீஸ் தலைவர். பள்ளியில் உயிரியல் வகுப்பில் பக்கத்து இருக்கையில் எட்வர்ட் கல்லன். பார்க்க 17 வயது. 1918-ல் சிகாகோவில் ஸ்பானிஷ் காய்ச்சலில் சாகக் கிடந்தவனை கார்லைல் என்ற மருத்துவர் வாம்பயராக, அதாவது ரத்தக்காட்டேரியாக, மாற்றிவிட்டதால் அதே வயதில் நிற்கிறான். அந்தக் குடும்பம் மனித ரத்தத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானித்து, காட்டு விலங்குகளை வேட்டையாடி வாழ்கிறது. பெல்லாவின் ரத்த வாசனை மட்டும் எட்வர்டை வேறு யாருடையதையும்விட அதிகமாக இழுக்கிறது. அதோடு, எல்லோர் மனதில் ஓடுவதும் அவனுக்குக் கேட்கும், இவளுடையது மட்டும் கேட்காது. துப்பறியும் கதை படித்துப் பழகிய எனக்கு முதலில் கொக்கி போட்டது இந்தக் கடைசி விஷயம்தான்.

ஒரு இடத்தைச் சொல்லவேண்டும். மூன்றாவது அத்தியாயம். இரவெல்லாம் மழை பெய்து உறைந்து, காலையில் ரோடு முழுக்க வழுக்கும் பனி. பெல்லா பயந்துகொண்டே தன் பழைய டிரக்கை ஓட்டிப் பள்ளிக்கு வருகிறாள். வண்டி வழுக்கவே இல்லை. ஏன் என்று இறங்கிப் பின்பக்கம் வந்து பார்த்தால், டயரைச் சுற்றிக் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய சங்கிலி கட்டியிருக்கிறது. அவள் எழுவதற்கு முன்பே அப்பா எழுந்து, அந்தக் குளிரில் குனிந்து மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் தொண்டை அடைக்கிறது. தன்னை இன்னொருவர் பார்த்துக்கொள்வது அவளுக்குப் பழக்கமில்லை. அப்படி நின்றுகொண்டிருக்கும்போதுதான் ஒரு வேன் வழுக்கிக்கொண்டு அவள் மேல் வருகிறது, எட்வர்ட் கையால் அதைத் தடுக்கிறான். காதலன் காப்பாற்றிய காட்சியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய பத்தியில் அப்பா காப்பாற்றியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தவர் சாதாரண எழுத்தாளர் இல்லை.

இன்னொன்று. நான் எதிர்பார்த்தது ஒரு மயக்கும் பிசாசு. இங்கே இருப்பது பசியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன். நாவல் முழுக்க அவன் செய்வது அதைத்தான். கார்லைல் கதை அதைவிட உசத்தி: 1600-களின் லண்டனில், வாம்பயர் வேட்டையாடும் பாதிரியாரின் மகன். கடிபட்டு மாறியபின் பட்டினி கிடந்து சாகப் பார்க்கிறான். முடியவில்லை. ஒரு மான் கூட்டத்தின் ரத்தத்தால் பசி அடங்கும் என்று தற்செயலாகத் தெரிந்துகொள்கிறான். பிறகு நூற்றாண்டுக் கணக்கில் தன்னைப் பழக்கி, ரத்தத்தின் நடுவிலேயே நின்று வேலை செய்யும் மருத்துவராகிறான். இது ஒரு தவக்கதை. எனக்கு இது போதும், தனி நாவலாகவே படிப்பேன்.

எரிச்சல்: எட்வர்டின் அழகைச் சொல்லி மாளவில்லை. பளிங்கு, பளிங்கு, மறுபடி பளிங்கு. வில்லன் வருவதோ கடைசியில், இடியோடு கூடிய மழையில் அவர்கள் பேஸ்பால் ஆடும்போது. (அவர்கள் அடிக்கும் சத்தம் இடிச்சத்தத்தில் மறையும் என்பதற்காக அந்த நேரம். இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடித்தது.) அதுவரை முந்நூறு பக்கத்துக்கு மேல் கண்ணும் கண்ணும்தான்.

இந்த வகையை வழக்கமாகப் படிப்பவர்கள் இதில் எதைப் பார்த்துப் படிக்கிறீர்கள்? உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

கதிர்வேலன்:

என்னால் ஐம்பது பக்கம் தாண்ட முடியவில்லை சார். வெயிலில் நின்றால் உடம்பெல்லாம் வைரமாக மின்னுமாம். வாம்பயர் என்றால் வெயில் பட்டதும் எரிந்து சாம்பலாகவேண்டும். அதுதானே விதி? விதியையே மாற்றிவிட்டு அதே பெயரை வைத்தால் எப்படி ஒத்துக்கொள்வது?

இரவுப்பறவை:

கதிர், அந்த விதி எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும். பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடில்லியில் நடமாடுகிறான். பகலில் அவன் சக்தி குறையும், அவ்வளவுதான். சூரிய ஒளி பட்டு அழிவது 1922-ல் ஜெர்மனியில் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபராட்டு’ மௌனப்படத்தில் வந்தது. அதுவும் ஸ்டோக்கர் குடும்பத்திடம் உரிமை வாங்காமல் எடுத்த படம். அவர் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச்சொல்லித் தீர்ப்பும் வாங்கினார். தப்பிப் பிழைத்த சில பிரதிகளால்தான் உங்கள் விதி இன்று எல்லோருக்கும் தெரிகிறது.

நான் பேய்க்கதை ரசிகன், காதல் கதைக்காரன் இல்லை. ஆனாலும் ட்வைலைட்டை வாம்பயர் கதை இல்லை என்று தள்ள எனக்கு மனம் வராது. முதலில் இருந்தே இது ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டு வந்த கதை.

தொடக்கத்தில் வாம்பயர் அழகனே கிடையாது. 1725-ல் செர்பியாவின் கிசிலியேவோ கிராமத்தில் ஒருவர் இறந்தபின் அடுத்தடுத்து ஊரில் பலர் சாக, புதைத்தவரைத் தோண்டி எடுத்துப் பார்த்தார்கள். அப்போது அந்தப் பகுதி ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது. அரசு அதிகாரியே கூட இருந்து அறிக்கை எழுதி அனுப்பினார். உடல் அழுகவில்லை, வாயில் ரத்தம், நகம் புதிதாக வளர்ந்ததுபோல் இருக்கிறது. மார்பில் கழி இறக்கி எரித்தார்கள். இன்றைக்கு இதற்கெல்லாம் விளக்கம் உண்டு. குளிரில் அழுகல் மெதுவாகத்தான் நடக்கும், வயிற்றில் வாயு சேர்ந்து உடல் உப்பும், அந்த அழுத்தத்தில் கருஞ்சிவப்பு நீர் வாய் வழியே வரும், தோல் சுருங்குவதால் நகம் நீண்டதாகத் தெரியும். இப்படித் தோண்டுவது எவ்வளவு பரவியது என்றால், 1755-ல் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஃபான் ஸ்வீட்டனின் பேச்சைக் கேட்டுச் சட்டம் போட்டுத் தடுக்கவேண்டியிருந்தது.

அந்தக் கிராமத்துப் பிணத்துக்குக் கோட்டும் பிரபுப் பட்டமும் மாட்டியவர் ஜான் போலிடோரி, கவிஞர் பைரனின் மருத்துவர். 1815-ல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த வருடம் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1816-ல் ஜெனீவா ஏரிக்கரை வீட்டில் மழைக்கு அடைபட்டிருந்த பைரனும் நண்பர்களும் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று பேசிக்கொண்டார்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பிறந்தது அங்கேதான். பைரன் பாதியில் விட்ட கதையின் கருவை எடுத்து போலிடோரி எழுதிய ‘வாம்பயர்’ 1819-ல் பைரன் பெயரிலேயே பத்திரிகையில் வந்தது. அழகும் பணமும் கொடூரமும் ஒன்றாகச் சேர்ந்த பிரபு அதில்தான் முதலில் வருகிறான்.

காதலைக் கொண்டுவந்தவர் அயர்லாந்துக்காரர் ஷெரிடன் லெ ஃபானு. ‘கார்மில்லா’, 1871-72-ல் தொடராக வந்தது. டிராகுலாவுக்கு 25 வருடம் முந்தியது. ஆஸ்திரியாவின் ஸ்டீரியாவில் ஒரு தனித்த கோட்டையில் அப்பாவோடு இருக்கும் லாரா என்ற பெண், வண்டி கவிழ்ந்து அவர்கள் வீட்டில் தங்கவரும் கார்மில்லாமேல் ஈர்ப்பும் அருவருப்பும் ஒரே நேரத்தில் கொள்கிறாள். கதையைச் சொல்வதும் லாராதான். தன்னைக் கொல்லவந்தவளைப் பற்றி, பயத்தோடும் ஏக்கத்தோடும். செங்கோட்டையான் சார், உங்கள் பெல்லாவின் பாட்டி இவள்தான். ட்வைலைட் பிடித்திருந்தால் அடுத்து இதைப் படியுங்கள்.

வாசகி மல்லிகா:

நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் அண்ணா. பள்ளிக்கூட வயதிலிருந்து காதல் நாவல் படிக்கிறேன். ரமணிசந்திரனில் ஆரம்பித்து இங்கே வந்தவள்.

முடிவு எங்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். சேர்ந்துவிடுவார்கள். ஆகவே யார் யாருக்கு என்று தெரிந்துகொள்ள நாங்கள் படிப்பதில்லை. என்ன தடை, அது உண்மையான தடையா, அதை எப்படித் தாண்டுகிறார்கள் என்பதற்குத்தான் படிக்கிறோம். தடை பொய்யாக இருந்தால் புத்தகம் படுத்துவிடும். ஒரு கடிதத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டு இருநூறு பக்கம் முகத்தைத் தூக்கிவைத்திருக்கும் கதைகள் நிறைய உண்டு. நாலு வார்த்தை நேரில் பேசினால் தீர்ந்துபோகும். எங்களுக்கு அது நன்றாகத் தெரியும், பாதியிலேயே கோபம் வந்துவிடும்.

முன்பு அந்தஸ்து, ஜாதி, குடும்பப் பகை, அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று தடைக்குப் பஞ்சமில்லை. இன்றைக்கு ஒரு அமெரிக்கப் பள்ளியில் படிக்கும் இரண்டு பேருக்கு நடுவில் என்ன தடை வைப்பது? மேயர் வைத்த தடை: தொட்டால் கொன்றுவிடுவான். அவன் கெட்டவன் என்பதால் இல்லை, அவன் உடம்பு அப்படி. கொஞ்சம் கவனம் தப்பினால் அவள் எலும்பு நொறுங்கும். இதைப் பேசித் தீர்க்க முடியாது. அதனால்தான் உயிரியல் வகுப்பில் பக்கத்து பக்கத்து நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பதே ஒரு பெரிய காட்சியாகிறது. முதல் நாள் அவன் நாற்காலியின் ஓரத்துக்கு நகர்ந்து, கையை முறுக்கிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தன் தலைமுடியில் ஏதாவது நாறுகிறதா என்று அவள் முகர்ந்து பார்த்துக்கொள்வாள். அவன் மூச்சுவிடப் பயப்படுகிறான் என்று அவளுக்கும் தெரியாது, படிப்பவருக்கும் தெரியாது. திரும்பப் படிக்கும்போது அந்தப் பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

நீங்கள் ‘முந்நூறு பக்கம் கண்ணும் கண்ணும்’ என்றீர்களே, அதுதான் நாவல். வில்லன் வந்து துரத்துவதை நான் பலமுறை வேகமாகப் புரட்டியிருக்கிறேன். புல்வெளிக் காட்சியை ஒருமுறைகூடப் புரட்டியதில்லை. எழுதியவருக்கும் கதை அங்கேதான் தொடங்கியது. 2003 ஜூன் மாதம் ஒரு கனவு கண்டார். காட்டுக்குள் ஒரு புல்வெளியில் சாதாரணப் பெண் ஒருத்தியும் ஒளிரும் வாம்பயர் ஒருவனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவளை நேசிப்பதும் அவள் ரத்தம் வேண்டும் என்பதும் எவ்வளவு கஷ்டம் என்று அவன் சொல்கிறான். எழுந்ததும் அதை எழுதிவைத்தார். அப்போது அவர் மூன்று சிறு பையன்களின் அம்மா, அதற்கு முன் ஒரு புத்தகமும் வெளியிட்டதில்லை. அந்தக் கனவு இப்போது பதின்மூன்றாவது அத்தியாயமாக இருக்கிறது.

இரண்டாம் பாகத்தில் பாதி என்கிறீர்கள். அப்படியானால் அந்தப் பக்கங்களைக் கடந்திருப்பீர்கள். அவன் விட்டுப்போனதும் அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதத்தின் பெயர் மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும். வேறு ஒரு எழுத்து இல்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு பிரிவை யார் எழுத முடியும்?

யாழினி:

மல்லிகா அக்கா சொன்னது எல்லாம் சரி. கைத்திறமை இருக்கிறது, நானும் ஒரே மூச்சில் படித்தவள்தான். ஆனால் எல்லோரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள்.

அவன் இரவில் அவள் அறைக்குள் அவளுக்குத் தெரியாமல் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். பல இரவுகள். அவளுக்கு இது தெரியவரும்போது, தூக்கத்தில் என்ன உளறினோமோ என்று வெட்கப்படுகிறாள், உள்ளுக்குள் பெருமைப்படுகிறாள். மூன்றாம் பாகம் ‘எக்லிப்ஸ்’ல் ஓநாயாக மாறக்கூடிய நண்பன் ஜேக்கப்பை அவள் பார்க்கப் போகக்கூடாது என்று அவள் டிரக்கின் என்ஜினிலிருந்து ஒரு பாகத்தைக் கழற்றிவிடுகிறான். தன் தங்கையை வைத்து அவளை வீட்டில் தங்கவைத்துக் காவல் காக்கிறான். எல்லாம் அவள் பாதுகாப்புக்காக என்று சொல்லப்படுகிறது. பின்தொடர்வதைக் காதல் என்று காட்டும் சினிமா பார்த்து வளர்ந்த நமக்கு இந்த நியாயம் புதிதே இல்லை. தெருவில் பின்னால் வந்தவனைப் பற்றி வீட்டில் சொன்னால், ‘உன்மேல் ஆசைப்பட்டுத்தானே’ என்று பதில் வரும் ஊரில் நான் வளர்ந்தேன்.

பசியை அடக்குகிறான், தவம் என்கிறீர்கள் சார். அவளைக் கடிக்காமல் இருப்பதற்கு அவ்வளவு பாராட்டு. அவள் அனுமதி இல்லாமல் ஜன்னல் வழியே வராமல் இருக்க அவனால் முடியவில்லையே. அந்தப் பசியை அவன் ஒருநாளும் அடக்கவில்லை.

செங்கோட்டையான்:

யாழினி, உங்கள் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரத்தப்பசி ஒன்று, அவளைத் தன் கண்ணுக்குள்ளேயே வைத்திருக்கவேண்டும் என்ற பசி இன்னொன்று. முதலாவதற்கு அந்தக் குடும்பத்தில் விதிமுறை இருக்கிறது, கார்லைலின் பழக்கம் இருக்கிறது, தடுமாறினால் பிடித்துநிறுத்த ஆள் இருக்கிறது. இரண்டாவதற்கு எதுவும் இல்லை. அதற்கு ஒரு பெயர்கூட நாவலுக்குள் இல்லை.

நம் சார்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். மகள் வந்த நாளிலிருந்து அவர் அவளைச் சுற்றிச் சுற்றி வருவதில்லை. பெட்டியைக் கொண்டுபோய் அறையில் வைத்துவிட்டுத் தனியாக விட்டுவிடுகிறார். அதுதான் அப்பாவிடம் நல்ல விஷயம் என்று பெல்லாவே சொல்கிறாள். அப்பாவிடம் அவளுக்குப் பிடித்த அந்த இடைவெளியைக் காதலனிடம் அவள் கேட்பதே இல்லை. ஆசிரியர் இதைத் தெரிந்து செய்தாரா என்று எனக்குக் கேள்வி.

நிலா டீச்சர்:

யாழினிக்கு ஓரளவு பதில் இருக்கிறது. 2020-ல் வந்த ‘மிட்நைட் சன்’ இதே கதையை எட்வர்ட் வாயால் சொல்கிறது. அதில் அவனுக்குத் தான் செய்வது தப்பு என்று தெரிகிறது, தன்னையே வெறுத்துக்கொள்கிறான், ஆனாலும் மறுநாள் போகிறான். அதைப் படித்தபின் அவன்மேல் எனக்கு இரக்கம் கூடவில்லை, பயம்தான் கூடியது. பத்தாம் ஆண்டையொட்டி 2015-ல் ‘லைஃப் அண்ட் டெத்’ என்று ஒன்று எழுதினார். பெல்லா இடத்தில் போ என்ற பையன், எட்வர்ட் இடத்தில் ஈடித் என்ற பெண். பெல்லா எப்போதும் காப்பாற்றப்படவேண்டிய பெண்ணாகவே இருக்கிறாள் என்ற குற்றச்சாட்டுக்கு, பலசாலிகள் நடுவில் ஒரு சாதாரண மனிதர் மாட்டினால் ஆணானாலும் இதே கதிதான் என்று காட்ட நினைத்தார். பாதிதான் நம்பமுடிகிறது. ஒரு பையன் தூங்குவதை ஒரு பெண் பார்த்துக்கொண்டிருப்பதும், இதுவே தலைகீழாக நடப்பதும் படிப்பவருக்கு ஒன்றாக இல்லையே.

நான் பேச வந்தது வேறு. ஆங்கில ஆசிரியையாக இருந்தேன். பாடப்புத்தகம் தவிர எதையும் தொடாத பெண்கள், ஏறக்குறைய 500 பக்கமுள்ள இந்த நாவலைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தார்கள். அட்டை கிழிந்து டேப் ஒட்டிய பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. கருப்புப் பின்னணியில் இரண்டு கைகள் சிவப்பு ஆப்பிளை ஏந்தியிருக்கும் அட்டை. ஆசிரியர் அறையில் அதைப் பார்த்துச் சிரித்தவர்கள், அதே வயதுப் பையன்கள் துப்பாக்கியும் கார்த் துரத்தலும் உள்ள நாவல் படித்தபோது சிரிக்கவில்லை. அந்தக் கதைகளில் மட்டும் நம்பமுடியாத சமாச்சாரம் குறைவா?

இந்தக் கதையில் ஆசைப்படுவது பெல்லா. அவளுக்கு அவன் வேண்டும், வாம்பயராக மாறவேண்டும், அவனோடு சேரவேண்டும், இதையெல்லாம் அவள்தான் கேட்கிறாள். திருமணத்துக்கு அப்புறம்தான் என்று நிற்பவன் அவன். ஒரு பெண் தன் ஆசையைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் பக்கம் பக்கமாகச் சொல்வதை என் மாணவிகள் அதற்குமுன் எங்கேயும் படித்திருக்கவில்லை. யாழினி சொல்லும் ஆபத்தும் நிஜம், இதுவும் நிஜம். நான் அவர்களிடம் புத்தகத்தைப் பிடுங்கவில்லை. ஜன்னல் காட்சியைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. வேறெந்தப் பாடத்துக்கும் அவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

மட்டறுத்துனர்:

நான்காம் பாகத்தின் முடிவை யாரும் இங்கே உடைக்கவேண்டாம். இழை தொடங்கியவர் இன்னும் இரண்டாவதில் இருக்கிறார்.

அருணா:

நான் சியாட்டில் பக்கம் இருக்கிறேன். ஃபோர்க்ஸ் இங்கிருந்து ஃபெரி பிடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு போனால் நாலு மணி நேரம் ஆகலாம். மூவாயிரத்துச் சொச்சம் பேர் உள்ள ஊர். மரம் வெட்டிப் பிழைத்த ஊர். வழியெல்லாம் பாசி மூடிய மரங்களும் கட்டை ஏற்றிய லாரிகளும்தான். வருடத்துக்கு ஏறக்குறைய 3000 மில்லிமீட்டர் மழை. மேயர் அந்த ஊரைப் பார்த்துவிட்டு எழுதவில்லை. வாம்பயருக்கு வெயில் இல்லாத இடம் வேண்டும் என்று, அமெரிக்காவில் அதிக மழை பெய்யும் இடத்தை இணையத்தில் தேடிப் பிடித்தார். இன்றைக்கு ஊரில் பெல்லாவின் சிவப்பு டிரக் நிறுத்திவைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு செப்டம்பரும் ரசிகர்களுக்கு விழா. அந்த மாதம் 13-ஆம் தேதி பெல்லாவின் பிறந்தநாள்.

ஃபோர்க்ஸிலிருந்து கடற்கரைக்குப் போனால் லா புஷ். ஜேக்கப்பின் ஊராக நாவலில் வருகிறதே, அது நிஜ ஊர். அங்கே இருக்கும் க்வில்யூட் பழங்குடி மக்கள் நிஜ மக்கள். அவர்களுடைய தொல்கதையில், உருமாற்றும் சக்தி கொண்ட ஒருவர் ஓநாய்களை மனிதர்களாக்கினார், அப்படித்தான் அவர்கள் தோன்றினார்கள். மனிதர்கள் கோபம் வந்தால் ஓநாயாக மாறிச் சண்டைபோடுவார்கள் என்பது மேயர் சேர்த்தது. மக்களின் பெயர், ஊரின் பெயர் இரண்டையும் எடுத்துக்கொண்டு கதையை மட்டும் தனக்கு வேண்டியபடி மாற்றிக்கொண்டார். பத்துக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற வரிசை. சட்டை, சங்கிலி, பொம்மை என்று வியாபாரம் வேறு. அதில் அந்த மக்களுக்குப் பங்கு கிடையாது. சியாட்டிலில் உள்ள பர்க் அருங்காட்சியகம் அவர்களோடு சேர்ந்து, நாவலில் வருவது எது, நிஜம் எது என்று விளக்கும் தளம் ஒன்றை நடத்துகிறது. நாவல் படித்தவர்கள் தேடிப் பார்க்கவேண்டும்.

கரையில் நின்றால் அலை ஒதுக்கிய ராட்சத மரக்கட்டைகள் வெளுத்துக் கிடக்கும். அதற்கு எதிரே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், அவர்களுடைய பள்ளிக்கூடம் இருந்தது. சுனாமி வந்தால் குழந்தைகள் ஓட நேரம் இருக்காது. மேட்டுநிலத்துக்குப் போக இடம் கேட்டுப் பல வருடம் போராடி, 2012-ல்தான் ஒலிம்பிக் தேசியப் பூங்காவிலிருந்து 785 ஏக்கர் அவர்களுக்குச் சட்டப்படி கிடைத்தது. படம் வந்து உலகமே லா புஷ் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்த அதே வருடங்களில் இவர்கள் மேடான இடத்துக்காக மனுப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செங்கோட்டையான்:

நன்றி அருணா. நான் வரலாறு படிப்பவன், ஆகவே நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் க்வில்யூட் மக்களைப் பற்றித் தேடிப் படித்தேன். பளிங்கு பளிங்கு என்ற என் புகார் எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நாவலில் ஒரு உடன்படிக்கை வருகிறது. கல்லன் குடும்பம் லா புஷ் எல்லைக்குள் வரக்கூடாது, யாரையும் கடிக்கக்கூடாது என்று ஜேக்கப்பின் முன்னோரோடு செய்துகொண்டது. மூன்று தலைமுறை கழித்தும் எல்லையைத் தாண்டாமல் நிற்கிறார்கள். நிஜத்தில் இந்த மக்கள் 1850-களில் அமெரிக்க அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் தங்கள் நிலத்தில் பெரும்பகுதி போயிற்று. 1889-ல் லா புஷ்ஷில் அவர்களுக்கென்று ஒதுக்கியது ஒரு சதுர மைல். அதே வருடம், ஊர்மக்கள் ஹாப்ஸ் (பீர் தயாரிக்கப் பயன்படும் பூ) பறிக்கும் கூலிவேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, வந்தேறி ஒருவன் அவர்கள் வீடுகளுக்குத் தீவைத்தான். திரும்பி வந்தபோது 26 வீடுகள் சாம்பல். அவர்கள் வீட்டிலிருந்த முகமூடிகள், கூடைகள், சடங்குப் பொருள்கள் எல்லாம் அதோடு போயின.

உடன்படிக்கையை மதிக்கும் வெள்ளைக்கார வாம்பயர் குடும்பத்தை இந்த மண்ணில் கொண்டுவந்து வைக்கும்போது, நிஜ உடன்படிக்கையைப் பற்றி ஒரு பத்தியாவது இருந்திருக்கலாம். ஜேக்கப் அதைச் சொல்லியிருக்கலாம். அவன் எல்லாவற்றையும் பேசுகிறான், கார் என்ஜின் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான், தன் மக்களுக்கு நடந்ததைப் பற்றி வாயே திறப்பதில்லை. கார்லைலுக்கு லண்டன் கொடுத்தார், பாதிரியார் அப்பா கொடுத்தார், முந்நூறு வருட வரலாறு கொடுத்தார். ஜேக்கப்புக்கு ஒரு தொல்கதையைத் திருத்திக் கொடுத்ததோடு சரி. ஒரு எழுத்தாளர் யாருக்கு வரலாறு கொடுக்கிறார், யாருக்கு உடம்பை மட்டும் கொடுக்கிறார் என்று நான் எந்த நாவலிலும் பார்ப்பேன். இதிலும் பார்த்தேன். சேலம் பக்கத்து வட்டார நாவலுக்கு நான் வைக்கும் அளவுகோலை இதற்கும் வைப்பதுதான் இந்தப் புத்தகத்துக்கு நான் கொடுக்கும் மரியாதை.

கதிர்வேலன்:

மின்னுவதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நோஸ்ஃபராட்டு விஷயத்தைப் படித்தபின் விதி என்று பேசமாட்டேன், எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இரவுப்பறவை, கார்மில்லா எவ்வளவு பெரியது? ஆங்கிலம் கடினமா?

இரவுப்பறவை:

சின்னதுதான் கதிர். பதினாறு அத்தியாயம், ஒவ்வொன்றும் சில பக்கம். பதிப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வாக்கியங்கள் நீளம், ஆனால் நடுவில் தடுக்காது. புதிய பதிப்பு வாங்கினால் முன்னுரையைக் கடைசியில் படியுங்கள், எல்லாவற்றையும் அதிலேயே சொல்லிவிடுவார்கள். பழைய ஓவியம் ஒன்றைச் சுத்தம் செய்து கொண்டுவரும் இடம் வரும். 1698 என்று தேதி போட்ட ஓவியம். அங்கே கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். அப்புறம் டிராகுலா வேண்டுமென்றால் முதல் நாலு அத்தியாயம், டிராகுலாவின் கோட்டைக்குப் போகும் ஹார்க்கரின் நாட்குறிப்பு மட்டும் போதும். அதற்குமேல் உங்களால் கீழே வைக்க முடியாது.

யாழினி:

கார்மில்லாவும் தூங்குகிறவள் அறைக்குள் வருகிறாள், கவனித்தீர்களா. ஆனால் லெ ஃபானு அதைப் பயமாக எழுதியிருக்கிறார். கட்டில் காலடியில் கரிய மிருகம் ஒன்று அங்குமிங்கும் நடக்கும், அறை இருண்டுகொண்டே போகும். லாராவுக்குக் கத்தக்கூட முடியாது. அதே காட்சியில் பின்னால் வந்தவர் பயத்தை எடுத்துவிட்டு ஆசையை மட்டும் வைத்துக்கொண்டார் என்பதுதான் என் வருத்தம்.

செங்கோட்டையான்:

மல்லிகா, ஒரு கேள்வி. இரண்டாம் பாகத்தில் எட்வர்ட் இல்லாமல் பக்கங்கள் ஓடுகின்றன. ஜேக்கப் வந்தபின் நன்றாகத்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிளைப் பிரித்துக் கோர்க்கும் கொட்டகைக் காட்சிகள் எனக்கு முதல் பாகத்தைவிடப் பிடித்திருக்கின்றன. இதோடு நிறுத்திக்கொள்ளலாமா, மூன்றாவதுக்கும் போகவேண்டுமா?

வாசகி மல்லிகா:

போங்கள் அண்ணா. மூன்றாவதில் ஒரு இரவு வருகிறது, அதற்காகவாவது. மலைமேல் கூடாரம், பனிப்புயல். பெல்லா குளிரில் விறைத்துப் பல் கிட்டிக்கொண்டு கிடக்கிறாள். எட்வர்டின் உடம்பு பனிக்கட்டி, பக்கத்தில் வந்தாலே அவளுக்கு இன்னும் ஆபத்து. ஜேக்கப்பின் உடம்பு எப்போதும் காய்ச்சல் சூடு. அவளைக் காதலிக்கும் இன்னொருவன் அவளோடு ஒரே உறைக்குள் படுத்து அவளைச் சூடாக வைத்துக்கொள்ள, இவன் கூடாரத்தின் மூலையில் தள்ளி உட்கார்ந்திருக்கவேண்டும். போதாததற்கு ஜேக்கப் மனதில் நினைப்பது அத்தனையும் இவன் காதில் விழுகிறது. காதை மூடிக்கொள்ள வழி இல்லை. அவள் தூங்கியதும் இரண்டு பேரும் இருட்டில், குரலை உயர்த்தாமல், ஒருவரையொருவர் வெறுத்துக்கொண்டே நேர்மையாகப் பேசிக்கொள்வார்கள். பசியை அடக்குகிறவன் கதை என்றீர்களே, அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாருங்கள். யாழினி கேட்டதற்கும் அங்கே கொஞ்சம் பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். அவள் ஒத்துக்கொள்வாளா தெரியாது.